பெட்டிக்கு முந்திய படம்

கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே இழுத்துக்கொண்டு, "ஒண்ணுமே தெர்லம்மா" என்றாள் ஷைனி.

அறையில் வெளிச்சம் போதவில்லை. விடியற்காலையில் போன கரண்ட் உச்சிப்பொழுதாகியும் வரவில்லை. மொட்டைமாடியில் ஏறினால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பக்கத்துத் தெருவில் நிற்பதுபோலத் தெரிகிற அத்திப்பட்டு வீடு அது. விளக்கடியில்தான் இருட்டு என்று பெரியவர்கள் தெரியாமலா சொன்னார்கள். இருந்த ஒரே ஜன்னலும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறந்திருந்தது. கேமராவின் முதுகிலிருந்த தேய்த்த கண்ணாடியில் அப்பா தலைகீழாக, மங்கலாகத் தெரிந்தார். எது அப்பா எது தலையணை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அப்ப செல்லுலியே எடுத்துடு. எதுல எடுத்தா இன்னா?" என்றாள் கங்கம்மா.

கட்டிலில் சாய்ந்திருந்த யேசுதாஸ் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"பிலிம்ல... வந்தாதான்... பாஸு."

அவர் முப்பது வருஷம் கொதிகலன் குழாய்களுக்கு வெல்டிங் வைத்தவர். வைத்த ஒவ்வொரு ஒட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பிலிமில் சுத்தமாக வந்தால் பாஸ். புள்ளி விழுந்திருந்தால் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி வைக்க வேண்டும். கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் அவர் நம்பமாட்டார், பிலிம் சொல்ல வேண்டும். மகள் ஷைனியும் கும்மிடிப்பூண்டியில் வெல்டிங்குகளை எக்ஸ்ரே எடுக்கிற கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். அப்பன் ஒட்டுவான், மகள் ஓட்டை தேடுவாள் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

இந்தப் பெரிய கேமரா திருவள்ளூரில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து ஷைனி வாங்கிவந்தது. கம்பெனியில் மிச்சமாகிற எக்ஸ்ரே பிலிமை சிவப்பு விளக்கில் உள்ளங்கை அளவுக்கு வெட்டி அதில் போட்டு எடுப்பாள். "ஊர்ப் பொண்ணுங்க நகை வாங்குது, எம் பொண்ணு டப்பா வாங்கிக்கினு வருது" என்பார் யேசுதாஸ். ஒருநாளும் அதன் முன்னால் அவர் உட்கார்ந்ததில்லை. "நான் ஏற்கெனவே கறுப்பு. உன் பிலிம்ல வுழுந்தா கரிக்கட்டதான்" என்று நழுவிவிடுவார். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவராகவே கேட்டார். அந்த டப்பாவுல ஒண்ணு எடேன் என்றார்.

கங்கம்மாவுக்கு எந்த டப்பா என்பதெல்லாம் பெரிதில்லை. எப்போது எடுப்பது என்பதுதான் அவள் கவலை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துவிட்டால், பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பம் மொத்தமும் அதைச் சுற்றி நின்று, குனிந்து, இறந்தவரின் முகத்தோடு முகம் தெரிகிறமாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பெட்டி போட்டோ என்று அதற்குப் பெயர். அதை யாரும் கூடத்தில் மாட்டமாட்டார்கள். பீரோவில் புடவைகளுக்கு அடியில் குப்புற வைத்திருப்பார்கள். பல வீடுகளில் எல்லோரும் சேர்ந்திருக்கிற படம் என்று ஒன்று இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும். இருக்கும்போது சேராத சனம் பெட்டியைச் சுற்றி மட்டும் எப்படித்தான் இடிபடாமல் நிற்குமோ தெரியாது.

"எனக்கு பெட்டி போட்டோ வோணாம்" என்று கங்கம்மா மகளிடம் சொல்லியிருந்தாள். "உசுரோட ஒண்ணு வோணும். நாலு பேரும் ஒண்ணா. கூடத்துல மாட்டணும். அவ்ளோதான் நான் கேக்கறது."

நாலாவது ஆள் எபினேசர். ஷைனிக்கு அண்ணன். பழவேற்காட்டு மீன் வியாபாரி நூர் முகம்மதுவின் மகள் இர்பானாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளில், யேசுதாஸ் வாசலில் நின்றுகொண்டு, "எம் பொணத்துக்குக்கூட வராத" என்று தெரு கேட்கச் சொன்னார். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? எபினேசரும் திரும்பிப் பார்க்காமல் போனான். ஆண்டவர் கோவிலில் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தாலும் அப்பனும் மகனும் வேறுவேறு பாட்டைப் பாடிவிட்டு எழுந்து போவார்கள்.

இன்று காலையில் யேசுதாஸ் தானாகவே, "பெரியவனுக்கு போன் போடு" என்றார்.

எபினேசர் வந்துவிட்டான். கட்டிலின் தலைமாட்டில், ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். சிலிண்டரில் மாட்டியிருந்த பாட்டில் தண்ணீர் குடுகுடுவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. இரவும் பகலும் அந்தச் சத்தம்தான். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அது கேட்பதே நின்றுபோயிருந்தது. எபினேசர் மட்டும் அடிக்கடி அதைத் திரும்பிப் பார்த்தான்.

"வந்தியா" என்றார் யேசுதாஸ்.

"ம்."

"துன்னியா?"

"அப்பறம் துன்றேன்."

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. இத்தனை வருஷத்துக்கு இது போதுமா என்று ஷைனிக்கு எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கங்கம்மா கணவருக்கு நீலச் சட்டையை மாட்டிவிட்டு, வெள்ளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மூக்கிலிருந்த ட்யூபை எடுத்துவிடச் சொல்லி அவர் சாடை காட்டினார். "அது கெடக்கட்டும். இங்க யாரு உன்ன மாப்ள பாக்க வராங்க" என்று அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"ண்ணா, நீ அந்தக் கம்பிய ஒட்டி நில்லு" என்றாள் ஷைனி.

எபினேசர் நகரவில்லை. "அவ வண்டியில உக்காந்துக்கினு கீறா. அவ இல்லாம நான் நிக்க மாட்டேன்."

"டேய், இந்த நேரத்துலயாடா..." என்று கங்கம்மா ஆரம்பித்தாள். கட்டிலில் இருப்பவரிடம் எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தன் நிபந்தனை போடுகிறான் என்றால் அவனை என்ன செய்வது.

யேசுதாஸ் போர்வைமேல் இருந்த கையை லேசாகத் தூக்கினார். "கூப்டு."

எபினேசர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.

அவன் வருவதற்குள் ஷைனி பிலிமைப் போட்டுவிட்டாள். பிலிம் பெட்டியைச் செருகினால் பின்னாலிருக்கிற கண்ணாடி மறைந்துவிடும். அதற்குமேல் அதில் பார்த்து ஃபோகஸ் செய்ய முடியாது. எப்படியும் இந்த இருட்டில் அந்தக் கண்ணாடி உதவாது. அவள் பையிலிருந்து தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்தாள். யேசுதாஸ் அதற்கு வைத்த பெயர் மவுத் ஆர்கன். அந்த நீளத்தில், அந்தப் பருமனில், கறுப்பாக இருக்கும். முன்பக்கம் இரண்டு முனையிலும் இரண்டு சின்ன ஜன்னல்கள், பின்னால் கண் வைக்க ஒரு துளை, ஓரத்தில் ஒரு சக்கரம். துளை வழியாகப் பார்த்தால் எதிரில் இருப்பது இரண்டிரண்டாகத் தெரியும். சக்கரத்தை உருட்ட உருட்ட இரண்டும் நெருங்கிவந்து ஒன்றன்மேல் ஒன்று படியும். படிந்ததும், சக்கரத்தில் எத்தனை அடி காட்டுகிறது என்று பார்த்து, கேமராவில் லென்ஸ் ஓடுகிற தண்டவாளத்தில் ஒட்டியிருக்கிற காகித அளவில் அதே எண்ணுக்கு லென்ஸை நகர்த்தி நிறுத்த வேண்டும்.

இது கேமராவோடு சேராத தனிச் சாமான் என்பதால் லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்து அளக்க வேண்டும். வாங்கின புதிதில் அவள் ஓரடி பின்னால் நின்று அளந்துவிட்டாள். படத்தில் கங்கம்மாவின் முகம் கரைந்துபோய், பின்னால் சுவரிலிருந்த காலண்டர் தேதி தேதியாகத் தெளிந்து விழுந்தது. "காலண்டர் பாஸு, உங்கம்மா பெயிலு" என்று யேசுதாஸ் ஒரு வாரம் சிரித்தார்.

இன்று அந்தத் தப்புக்கு இடமில்லை. இருந்தது ஒரே ஒரு பிலிம். வெளிச்சம் குறைவு என்று லென்ஸை முழுதாகத் திறந்துவிட்டிருந்தாள். தூரம் அரையடி பிசகினாலும் முகம் போய்விடும்.

வாசலில் நிழல் விழுந்தது. இர்பானா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றாள். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்துகிற சாக்கில் சுகிர்தா நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. நல்ல மனுஷிதான், ஆனால் அவள் காதில் விழுந்தது மாலைக்குள் மீஞ்சூர் மார்க்கெட்டுக்குப் போய்விடும்.

கங்கம்மா மருமகளை முதல்முறையாகப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்து, காலில் வந்து நிறுத்தினாள்.

"வலது கால வச்சி வா" என்றாள்.

இர்பானா வலது காலை வைத்து வந்தாள். கட்டில்வரை வந்து, "மாமா" என்றாள். யேசுதாஸ் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று குமிழிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என்னவென்று குனிந்து கேட்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. அவள் தலையாட்டினாள். அவரும் லேசாகத் தலையாட்டினார்.

ஷைனி அவர்களை நிறுத்தினாள். தலைமாட்டுக் கம்பிக்குப் பின்னால் எபினேசரும் இர்பானாவும். கட்டில் விளிம்பில் கங்கம்மா, கணவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி. மறுபக்கம் ஷைனிக்கு இடம் காலியாக இருந்தது. கேமராவிலிருந்து நீளமான ரப்பர் குழாயை இழுத்து அந்த இடம்வரை விட்டிருந்தாள். முனையிலிருக்கிற பந்தை அமுக்கினால் ஷட்டர் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

"மூணு எண்ற வரைக்கும் ஷட்டர் தொறந்திருக்கும். யாரும் அசையக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் லென்ஸையே பாருங்க. ம்மா, நீயுந்தான்."

லென்ஸுக்குப் பக்கத்தில் குனிந்து, ரேஞ்ச்ஃபைண்டரைக் கண்ணில் வைத்தாள். முகத்தில் பிடித்து அளக்க எதுவும் துலங்கவில்லை. நீலச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக இருந்த வெள்ளைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். துளைக்குள் இரண்டு பொத்தான்கள் தெரிந்தன. அவருடைய மூச்சு ஏறும்போது இரண்டும் மேலே ஏறின, இறங்கும்போது இறங்கின. சக்கரத்தை உருட்டிச் சேர்க்கப் பார்த்தாள். சேரப்போகிற நேரத்தில் அவர் மூச்சை இழுத்தார். தோளும் நெஞ்சும் தூக்கிப் போட்டன. பொத்தான்கள் விலகின. மறுபடி உருட்டினாள். மறுபடி விலகின. ஒரு மூச்சு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் சின்ன இடைவெளி வருமே, அதில் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தாள்.

மூச்சு இறங்கியது. மெல்ல உருட்டினாள். பொத்தான்கள் நெருங்கின, தொட்டுக்கொண்டன, ஒன்றாயின. ஒரே ஒரு வெள்ளைப் பொத்தான், பிசிறில்லாமல்.

அப்பாடா, கிடைத்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பின்னால் நினைக்கும்போதெல்லாம் அந்தச் சந்தோஷம்தான் அவளை அதிகமாகச் சுட்டது.

பொத்தான் அப்படியே நின்றது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஏறும், இதோ ஏறும் என்று இருந்தாள். அது ஏறவில்லை. துளைக்குள் தெரிந்த அந்தச் சின்ன வட்டத்தில் எதுவுமே அசையவில்லை.

ரேஞ்ச்ஃபைண்டரை இறக்கினாள். பாட்டிலில் தண்ணீர் குடுகுடுவென்று குமிழி விட்டுக்கொண்டுதான் இருந்தது. அப்பாவின் கண்கள் இத்தனை நாளும் தூங்கும்போது இருந்ததுபோலவே பாதி திறந்திருந்தன. அம்மா, அண்ணன், அண்ணி மூன்று பேரும் அவள் சொன்னபடி லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை யாருமே பார்க்கவில்லை.

'நைனா' என்று கத்தியிருக்க வேண்டும். ஓடிப்போய் உலுக்கியிருக்க வேண்டும். இனிமேல் ஆஸ்பத்திரி வேண்டாம், நெஞ்சைக் குத்துகிற வேலை வேண்டாம் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அது நினைவுக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. வாசற்கதவு திறந்துகிடந்தது. சுகிர்தா இன்னும் அதே துணியைத்தான் உதறிக்கொண்டிருந்தாள். இப்போது கத்தினால் அவளுக்கும் கேட்கும். இர்பானா வீட்டுக்குள் வந்து இன்னும் முழுதாக உட்காரக்கூட இல்லை. அவள் கால் வைத்தாள், அவர் போய்விட்டார். இந்த ஒரு வாக்கியம் போதும். அவள் செத்தாலும் இந்தத் தெருவில் அது சாகாது. அண்ணன் மறுபடியும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். அம்மாவுக்குக் கிடைக்கப்போவது அந்தப் பெட்டி போட்டோதான். அதிலும் மகன் இருப்பானோ என்னவோ.

"இன்னாடி, ஆச்சா?" என்றாள் கங்கம்மா, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தோ ஆச்சும்மா."

சக்கரத்தைப் பார்த்தாள். ஏழரை அடி. தண்டவாளத்தில் லென்ஸை ஏழரைக்கு நகர்த்தித் திருகை இறுக்கினாள். பிலிமை மூடியிருந்த தகட்டை உருவினாள். கட்டிலுக்கு நடந்தாள். இப்போதும் சொல்லிவிடலாம் என்று நடக்கும்போதே தோன்றியது. அப்பாவின் தோளை ஒட்டி நின்று, ரப்பர் பந்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். சட்டை வழியாக அவர் தோள் இன்னும் சூடாக இருந்தது.

"யாரும் அசையாதீங்க" என்று பந்தை அமுக்கினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு."

பந்தை விட்டாள். கேமராவுக்குள் ஷட்டர் மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

முதலில் பேசியது கங்கம்மாதான். கணவரின் கையை விடாமல், மருமகளை நிமிர்ந்து பார்த்து, "மொதல் மொதல்ல ஊட்டுக்கு வந்துகீற. ஒரு வாய் துன்னாம போவக் கூடாது. டேய், அவள இட்டுக்கினு போ. நெத்திலிக் கொழம்பு வச்சிகீறேன், போட்டுக்கினு துன்னுங்க" என்றாள்.

"அப்பறம் ஆவட்டும் மாமி, மாமாவுக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம்..."

"மாமா தூங்கறாரு. போ."

இருவரும் சமையலறைக்குப் போனார்கள். ஷைனி கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தகட்டைச் செருகினாள். திருகைத் தளர்த்தினாள், இறுக்கினாள், மறுபடி தளர்த்தினாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பாவம், கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாளே, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்தாள்.

"ம்மா..."

"சத்தம் போடாத. அவங்க துன்னட்டும்."

சமையலறையில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. எபினேசர் எதையோ தாழ்ந்த குரலில் சொன்னான். இர்பானா பதில் சொன்னாள். "டேய், புள்ளைக்கு இன்னொரு கரண்டி சோறு போடு. கூச்சப்படப் போவுது" என்று கங்கம்மா இங்கிருந்தே குரல் கொடுத்தாள். சாதாரணமான குரல், சத்தமான குரல். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

அவர்கள் கை கழுவுகிற வரைக்கும் அந்த அறையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஈ வந்து போர்வைமேல் உட்கார்ந்தது. கங்கம்மா அதை ஓட்டினாள். ஷைனிக்கு அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததில் எது முன்னால், எது பின்னால் என்று ஷைனிக்குக் குழம்பிப்போனது. பாட்டிலில் குமிழி நின்றது நினைவிருக்கிறது. சிலிண்டர்மேல் அம்மாவின் கை இருந்தது நினைவிருக்கிறது. "ஐயோ, என்ன வுட்டுட்டுப் பூட்டியே" என்று அம்மா நெஞ்சில் அறைந்துகொண்டு அலறியதும் நினைவிருக்கிறது. எபினேசர் ஈரக்கையோடு ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான்.

சாவு வீட்டுக்கு ஊரே வந்தது. பேசுவதற்கும் வந்தது. "அந்தத் துலுக்கப் பொண்ணு வந்த அன்னிக்கே..." என்று ஒருத்தி இழுத்தாள். "அட நீ வேற. அது வந்து, மாமியாரு சோறு போட்டு, துன்னு முடிச்சி, எல்லாம் நல்லாதான் பேசிக்கினு இருந்தாங்க. என் காதால கேட்டேன்" என்று சுகிர்தாவே அடக்கிவிட்டாள். பெட்டியை மூடுவதற்கு முன் சொந்தக்காரப் பையன் அன்புராஜ் போனை எடுத்துக்கொண்டு எல்லோரையும் குனியச் சொன்னான். எல்லோரும் குனிந்தார்கள். கங்கம்மா குனியவில்லை. "எங்களுது எடுத்தாச்சி" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். உயிரோடு எடுத்த படம் என்று நம்பிக்கொண்டு ஒதுங்குகிறாளே என்று ஷைனி நினைத்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று, கம்பெனி இருட்டறையில் அந்தப் பிலிமைக் கழுவினாள். சிவப்பு விளக்கில் உருவங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அண்ணன் ஆடியிருந்தான். தாடை இருக்கிற இடத்தில் இரண்டு தாடை தெரிந்தது. அண்ணியின் முக்காடு புகையாகக் கலைந்திருந்தது. எல்லோரையும்விட மோசமாக ஆடியிருந்தவள் ஷைனிதான். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேய்ந்த வெளிச்சம்தான் இருந்தது. மூன்று எண்ணுகிற நேரம் உயிருள்ளவர்கள் அசையாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை. அப்பா மட்டும் துல்லியமாக விழுந்திருந்தார். தாடையில் நரைத்த மயிர் ஒவ்வொன்றும், கண்ணோரத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தன. வெல்டிங் பிலிமாக இருந்தால் மறுபேச்சில்லாமல் பாஸ் போட்டிருப்பார்கள்.

இதை அம்மாவிடம் காட்டுவதா? படம் பார்க்கத் தெரிந்த யாரும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தால் கேட்பார்களே. வெளிச்சம் பட்டு வீணாகிவிட்டது என்று சொல்லி அங்கேயே குப்பையில் போட்டுவிடலாம். கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அப்புறம்தான் அம்மாவைக் கவனித்தாள். கட்டில் விளிம்பில், மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்த கங்கம்மாவும் கொஞ்சம்கூட ஆடியிருக்கவில்லை. நாடி பார்க்கிற இடத்தில் அவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருந்தாள்.

ஷைனி படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

கங்கம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஷைனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வரும்போது தீர்மானித்திருந்தாள்.

"அல்லாரும் ஆடிகீறீங்க" என்றாள் கங்கம்மா. "உங்க நைனா மட்டும் சொன்ன பேச்சக் கேட்டுகீறாரு. ஆயுசுல மொத தடவ."

எபினேசரைக் கூப்பிட்டு ஆணி அடிக்கச் சொன்னாள். கூடத்தில், வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற சுவரில் மாட்டச் சொன்னாள். அவன் அடித்த ஆணி கோணலாக இருக்கிறது என்று பிடுங்கச் சொல்லி, மறுபடி அடிக்க வைத்தாள்.

சாயங்காலம் சுகிர்தா வந்தாள். வந்தவள் உட்காருவதற்கு முன்பே படத்தைப் பார்த்துவிட்டாள். கிட்டே போய் நின்று, தலையைச் சாய்த்து, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் இன்னாமா தெளிவா வந்துகீறாரு. இது எப்ப எடுத்தது அக்கா?"

ஷைனி வாயைத் திறப்பதற்குள் கங்கம்மா பதில் சொன்னாள்.

"அன்னிக்குத்தான். மருமவ வந்து நின்ன ஒடனே எடுத்தோம். எடுத்தப்பறம் எவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தாரு தெரியுமா? நல்லா இரும்மான்னு அவ தலையில கைய வச்சாரு. அவ கையால ரெண்டு மொடக்கு தண்ணி வாங்கிக் குடிச்சாரு. அப்பறம் தூக்கம் வருதுன்னாரு. தூக்கத்துலியே பூட்டாரு."

"குடுத்துவச்ச சாவு" என்று சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டீ டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்த இர்பானா நிலையிலேயே நின்றுவிட்டாள். அவள் ஷைனியைப் பார்த்தாள். ஷைனி அம்மாவைப் பார்த்தாள். கங்கம்மா யாரையும் பார்க்கவில்லை. கையை நீட்டி மருமகளிடமிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, "உக்காரு சுகிர்தா" என்றாள். பிறகு டீயை டம்ளருக்கும் டவராவுக்குமாக ஆற்றத் தொடங்கினாள். சுகிர்தா குடித்து முடித்து எழுந்து போன பின்னும், ஆவி அடங்கிப்போன அந்த டீயை அவள் ஆற்றிக்கொண்டே இருந்தாள்.